அம்மோனியா இறங்கவில்லையா? முதலில் காரத்தன்மையைப் பாருங்கள்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அம்மோனியா ஏறினால் பலரும் நேராகப் போய், காற்றடிக்கும் ப்ளோயரைக் கூட்டுவார்கள். நான் முதலில் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைச் சமாளிக்கும் நீரின் திறனைத்தான் சோதிப்பேன். டேங்கில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 2 மி.கி. இருக்கிறதென்றால், அதற்கு மேல் காற்றடிப்பது பெரும்பாலும் கரண்டுக்குத்தான் கேடு.

நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும்; நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்ஸிஜன் வேண்டும். கூடவே, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.1 கிராம் காரத்தன்மையும் செலவாகும். உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 40 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் இருந்தால், அதற்கே 285 மி.கி. காரத்தன்மை போய்விடும். அது தீர்ந்ததும் பிஹெச் சரியும், பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். வெளியேறும் நீரில் லிட்டருக்கு 80 முதல் 100 மி.கி. காரத்தன்மை மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

இவை மெதுவாக வளரும் உயிர்கள். இவை வாழும் கசடை அவசரப்பட்டு வெளியேற்றினால் பெருகுவதற்குள் போய்விடும். குளிர் காலத்தில் இன்னும் நிதானம் வேண்டும்.

சரி, நைட்ரேட் ஆகிவிட்டது. நைட்ரஜன் இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வாயுவாக்கி அனுப்ப வேறு பாக்டீரியாக்கள் வேண்டும். அவற்றுக்குக் காற்று ஆகாது, உணவாகக் கரிமப் பொருள் வேண்டும். அதனால் நைட்ரேட் நிறைந்த நீரைக் காற்றில்லாத முதல் டேங்குக்குத் திருப்புங்கள். அங்கே புதிதாக வரும் கழிவுநீரே அவற்றுக்குச் சாப்பாடு. வெளியிலிருந்து மெத்தனால் வாங்கி ஊற்றுவதைக் கடைசி வழியாக வையுங்கள்.

இந்தப் பகுதி சரியாக நடக்கிறதா என்று அறிய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஏரேஷன் டேங்க் (காற்றடிக்கும் தொட்டி) நீரை அளவுக் குடுவையில் பிடித்து வையுங்கள். அரை மணியில் கசடு அழகாகப் படியும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அது கட்டியாக மேலே எழும்பி, குச்சியால் தட்டினால் பொடிக் குமிழ்கள் விட்டு மறுபடி இறங்குகிறதா? அப்படியானால் முதல் டேங்கில் போயிருக்க வேண்டிய நைட்ரேட் கசடுக்குள் வாயுவாகிறது. கசடு படியும் செட்டிலிங் டேங்கிலும் இதேதான் நடக்கும். நைட்ரேட் நீரைத் திருப்பும் அளவைக் கூட்டுங்கள், படிந்த கசடைச் சீக்கிரம் எடுங்கள். முதல் டேங்க் ஒழுங்காக வேலை செய்தால், செலவான காரத்தன்மையில் பாதி வரை திரும்பிக் கிடைக்கும்; பைகார்பனேட் மூட்டையும் அந்த அளவுக்குக் குறையும்.