பெரிய ஹைபிரிட் வண்டி புது வடிவில் வந்தால், ரசிகர்கள் பேச்சை எப்படி எடை போடுவது

ஒரு பெரிய வண்டியை அடியோடு மாற்றிக் கொண்டுவந்தால் முதல் வாரத்திலேயே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கெடுத்துட்டாங்க" என்று ஒரு கட்சி, "இப்பத்தான்டா வண்டி" என்று இன்னொரு கட்சி. நடுவில் மாட்டுவது, காசு போட்டு வாங்க நினைக்கிறவர்கள். எங்கள் குடும்பத்தில் இது இரண்டு தடவை நடந்தது. டெக்ஸாஸில் இருக்கும் சித்தப்பா மகன் அமெரிக்காவில் விற்கும் பெரிய எஸ்யூவியான டொயோட்டா செக்வோயாவின் புது வடிவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பாதிப் பேர் திட்டுறான், பாதிப் பேர் கும்பிடுறான், நான் என்ன செய்ய?" என்று போன் போட்டான். கொஞ்ச நாளில் காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பழைய இன்னோவாவை மாற்றும் நேரம் வந்து, இன்னோவாவின் புது வடிவான ஹைகிராஸ் விஷயத்தில் நானும் அதே இடத்தில் நின்றேன்.

இரண்டு தடவையும் நான் பிடித்த வழி ஒன்றுதான். ரசிகர் சொல்லும் ஒவ்வொரு குறையும் அவர் வண்டியை எதற்கு வைத்திருக்கிறாரோ அதிலிருந்து வருகிறது. அதை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம், நம் வீட்டு வாசலில் வைத்து அளந்து பார்க்கக்கூடிய கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, உண்மையில் எது மாறியது என்று ஒரு தாளில் எழுதுவது. முகப்பு விளக்கு, கிரில், சக்கர டிசைன் இதெல்லாம் ஒரு வரி போதும், ஆறு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அடியில் மாறியதைத்தான் விரிவாக எழுத வேண்டும். செக்வோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய தலைமுறை 2007 கடைசியில் வந்து பதினைந்து வருஷம் ஓடியது, பெரும்பாலும் 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 381 குதிரைசக்தி. 2022 ஜனவரியில் காட்டிய புது வண்டியில் வி8 கிடையாது. 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6, அதோடு ஒரு மின் மோட்டார், சேர்ந்து 437 குதிரைசக்தி, 790 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் திறன்), எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த இந்த ஹைபிரிட் அல்லாத வகையே கிடையாது. பின்சக்கரங்களுக்கு முன்பு தனித்தனி சஸ்பென்ஷன், இப்போது இரண்டையும் இணைக்கும் ஒரே அச்சு. பேட்டரி போய் உட்கார்ந்திருப்பது மூன்றாம் வரிசை சீட்டுக்கு அடியில். இந்த நாலு வரியை எழுதிவிட்டாலே, அந்த வண்டியைப் பற்றி நான் பார்த்த கோபத்தில் முக்கால்வாசி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது.

ஹைகிராஸுக்கும் அதே மாதிரி எழுதினேன். 2022 நவம்பரில் அறிமுகம். இதற்கு முந்தைய இன்னோவாவான கிரிஸ்டாவில் இருந்த லேடர் சேஸி (ஏணி மாதிரி தனிச் சட்டத்தின்மேல் உடம்பைப் பொருத்துவது) போய் மோனோகாக் (சட்டமும் உடம்பும் ஒன்றாகவே அமைந்தது). பின்சக்கரம் தள்ளியது போய் முன்சக்கரம் இழுக்கிறது. டீசல் கிடையாது, 2 லிட்டர் பெட்ரோலோடு மோட்டார் சேர்ந்து 186 குதிரைசக்தி. நம் ஊரில் இன்னோவா என்றாலே லேடர் சேஸி, டீசல், மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று மனதில் பதிந்துபோனவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! எஸ்யூவி மாதிரி உடம்பு, எம்பிவி (குடும்ப வேன்) மாதிரி உள்பக்கம், இது எதில் சேர்த்தி என்று ஒரு தனிச் சண்டை வேறு. அந்தச் சண்டைக்குள் போகவே போகாதீர்கள், வாங்குகிறவருக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, இனி அளக்கிற வேலை. ஒரு டேப், ஒரு டின், கூட வர வீட்டில் வயதான ஒருவர். மூன்றும் இல்லாமல் ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

டின் எதற்கு என்றால், செக்வோயா பற்றி அதிகம் திட்டு விழுந்தது சாமான் வைக்கும் இடத்துக்குத்தான். மூன்றாம் வரிசைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் அந்த சீட் மடிந்தாலும் தரையோடு தரையாகப் படுப்பதில்லை. முந்தைய வண்டியில் எல்லா சீட்டும் மடித்தால் ஏறக்குறைய 3,400 லிட்டர் இடம், புதியதில் 2,460 லிட்டர் அளவுக்குத்தான். மேடு தெரியாமல் சமன் செய்ய உயரம் மாற்றும் பலகை ஒன்று கொடுத்திருக்கிறார்கள், மூன்றாம் வரிசையையும் ஆறு அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் லிட்டர் கணக்கு நமக்கு ஒன்றும் புரியவைக்காது. எங்கள் அப்பத்தா மனகோலம், சீப்புச் சீடைப் பலகாரமெல்லாம் போட்டு அனுப்புகிற சதுர டின் இருக்கிறதே, பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைக் கழுவி மூடி போட்டது, அடி ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் கூட, உயரம் ஒன்றரை ஜாணைத் தாண்டும். அதுதான் நமக்கு அளவு. ஒரு கல்யாணத்துக்கு எத்தனை டின், எத்தனை சூட்கேஸ், எவர்சில்வர் அடுக்கு எத்தனை என்று நமக்குத் தெரியும். தம்பியை அங்கே வீட்டில் இருந்த அட்டைப்பெட்டியை அதே அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தபடி பின்கதவு பக்கம் ஒரு வரிசை டின்தான், பலகையை உயர்த்தினால் அடியில் ஒன்று மேலே ஒன்று, ஆனால் மேலே வைத்தது கண்ணாடியை மறைக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினான். ஒரே படத்தில் எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹைகிராஸில் ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் 300 லிட்டர் என்று கம்பெனி சொல்கிறது, அதையும் டின் வைத்துத்தான் பாருங்கள்.

டேப்பை ஷோரூமில் நீட்டுவதற்கு முன் வீட்டில் நீட்டுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பல, முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும், கார் கொட்டகை பெரும்பாலும் பின்வாசல் பக்கம், இரண்டு கல்தூணுக்கு நடுவே. கட்டினது அம்பாசடர் காலத்தில். அந்த வண்டியின் அகலம் 1.7 மீட்டருக்குள். ஹைகிராஸ் 1.85 மீட்டர் வாக்கில், நீளம் 4.75 மீட்டர். செக்வோயா அகலம் 2.02, நீளம் 5.29. இதெல்லாம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமல். ஆகவே தூணுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்துகொண்டு, கண்ணாடி விரிந்த நிலையில் வண்டியை அளந்து, உள்ளே போனபிறகு ஒரு பக்கமாவது கதவு முக்கால் மீட்டர் திறக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கொட்டகையில் வண்டி போகும், இடது பக்கம் யாரும் இறங்க முடியாது. அதனால் இப்போதெல்லாம் எல்லோரையும் வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம்.

அப்புறம் வயதானவர். சீறிப் பாயுது, ஓட்ட சுகமா இருக்கு என்று எழுதுகிறவர்கள் எல்லாம் ஓட்டுகிற சீட்டிலிருந்து எழுதுகிறார்கள். பின்சீட்டு கதை வேறு. செக்வோயாவின் ஒற்றைப் பின் அச்சைப் பற்றி வந்த குறை, மேடு பள்ளத்தில் பின்வரிசை குலுங்குகிறது என்பது, அது பின்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் தெரியும். அதே அச்சுதான் கனமான டிரெய்லர் இழுக்கத் தோதானது, இந்த வண்டி 4,300 கிலோ வரை இழுக்கும். திட்டினவர் பிள்ளைகளைப் பின்னால் வைத்து ஓட்டுகிறவர், புகழ்ந்தவர் படகு இழுக்கிறவர். இரண்டு பேருமே உண்மைதான் சொல்கிறார்கள். நான் ஹைகிராஸ் பார்க்கப் போனபோது அப்பத்தாவைக் கூட்டிப்போனேன். சேலை கட்டியவர், முட்டி வலி, இடது கையால் கைப்பிடியைப் பிடித்து வலது காலை வைத்தார், இரண்டாவது முயற்சியில் ஏறிவிட்டார். பழைய வண்டியில் ஒரு சின்ன முக்காலி போட்டுத்தான் ஏறுவார். மோனோகாக் ஆனதில் வண்டியின் உள்தரை கொஞ்சம் தாழ்ந்ததன் பலன் இது, லேடர் சேஸி போச்சே என்று வருந்தியவர்கள் யாரும் இதைச் சொல்லக் கேட்கவில்லை.

ஓட்டிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஷோரூமில் பைபாஸில் பத்து நிமிஷம் விட்டுவிட்டு சாவியைக் கேட்பார்கள், எனக்கு அப்படித்தான் ஆனது, ஏசி குளிர்வதற்குள் திரும்பி வந்துவிட்டேன். அதில் ஹைபிரிட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிராவல்ஸில் அதே மாடல் கிடைத்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், லட்சக்கணக்கில் போடுகிற இடத்தில் அந்த வாடகை ஒரு செலவே இல்லை. எங்கே போவது என்றால், இங்கே அதற்கென்றே அமைந்த வழி இருக்கிறது, நகரத்தார் ஒன்பது கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒருநாளில் சுற்றிவிடலாம். நின்று நின்று போகிற பயணம், வெயிலில் வண்டி காயும், ஊர்த்தெரு, வேகத்தடை, செம்மண் பாதை, நடுவில் கொஞ்சம் நல்ல ரோடு, எல்லாம் உண்டு. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அந்தச் சுற்றில் மூன்று விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் ஹைகிராஸ் மாதிரி வண்டியில் எஞ்சின் சத்தம் முதலில் ஏறி, வேகம் பின்னால் வரும். "கத்துது" என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். பழுது இல்லை, படிப்படியான கியர் இல்லாத அந்த அமைப்பின் இயல்பு. செக்வோயாவில் பத்து கியர் ஆட்டோமேடிக் என்பதால் இது இல்லை. மெதுவாக அழுத்தி ஓட்டும் ஆளுக்கு நாள் முழுக்க அந்தச் சத்தமே கேட்காது, முந்திப் போகிற பழக்கம் உள்ளவருக்கு எரிச்சல் வரும். நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு, கோயில் வாசலில் ஏசி போட்டு நிற்கும்போது எஞ்சின் எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுவதால் சித்திரை வெயிலில்கூட எஞ்சின் அணைந்தபடி குளிர்ச்சி வரும், பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே எழுந்து கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அணையும். மூன்று, முழு ஆளோடு வேகத்தடையிலும் வாசல் சரிவிலும் அடி தட்டுகிறதா என்பது. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும், முழு பாரத்தோடு ஈரமான ஏற்றத்தில் நின்று புறப்படும்போது எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரம் வழுக்க வாய்ப்புண்டு. கொடைக்கானலுக்கு மாதம் ஒருமுறை போகிற ஆள் என்றால் பழைய கிரிஸ்டாக்காரர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

மைலேஜ் சண்டையை பெட்ரோல் பங்கில் முடித்துவிடலாம். ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கி, ஒன்பது கோயிலும் சுற்றி வந்து அதே பங்கில் அதே குழாயில் மறுபடி ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் எண். ஹைகிராஸ் ஹைபிரிட்டுக்கு அராய் (இந்தியாவில் வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) கணக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், அதை ரோட்டில் எதிர்பார்க்காதீர்கள். திருச்சி வரை வேகமாக ஒரே சீராகப் போனால் ஊருக்குள் கிடைத்ததைவிடக் குறைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், பிரேக் பிடிக்கும்போதுதான் பேட்டரிக்கு இலவசமாக மின்சாரம் ஏறுகிறது, பைபாஸில் அதற்கு வேலை குறைவு. செக்வோயாவில் கதையே வேறு. பழைய வி8 லிட்டருக்கு 6.4 கிலோமீட்டர் அளவு, புது ஹைபிரிட் 9.4 அளவு, இரண்டும் அமெரிக்க அரசின் கணக்கு, நாலு சக்கர இழுவை இல்லாத வகைக்கு. "ஹைபிரிட்னு சொல்லிட்டு இவ்வளவுதானா?" என்று திட்டினவர்கள், அந்த மோட்டாரை மைலேஜைவிட இழுவைக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்கவில்லை.

பேட்டரி பற்றி. இரண்டு வண்டியிலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம் இல்லை. பழைய சரக்கு என்று பலர் முகம் சுளித்தார்கள். எங்கள் ஊரில் பேட்டரிப் பேச்சு புதிதல்ல, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவரிடம் கேட்டேன். "எந்த ரகம்னு அப்புறம் பாருப்பா, சூடு ஏறாம வச்சுக்கிறியான்னு முதல்ல பாரு" என்றார். நிக்கல் ரகம் கனம் அதிகம், ஆனால் முரட்டுத்தனமாகத் தாங்கும், ஹைபிரிட்டில் அதன் கொள்ளளவில் ஒரு பகுதியைத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, வண்டிக் கையேட்டைப் பிரித்து பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் எங்கே என்று பார்த்து, அதன்மேல் பையும் டின்னும் அடைக்காமல் இருப்பது, சர்வீஸில் அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்பது. நம் செம்மண் புழுதிக்கு இது கட்டாயம். இங்கே ஹைபிரிட் பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி, அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரசிகர்கள் பேசாத ஒன்று, நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். இங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும், ஆட்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், வண்டி கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். ஹைபிரிட்டில் பெரிய பேட்டரி போக ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் உண்டு, அது இறங்கிப்போனால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி உயிர் பெறாது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கொடுங்கள். பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தி, வண்டி தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிகிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை அப்படியே விட வேண்டும். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்று பாதியில் அணைத்துவிடுவார்கள், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும், எஞ்சின் எப்போது வேண்டுமானாலும் எழும். எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், ஆரஞ்சு நிற வயரை மட்டும் யாரும் தொடக்கூடாது, அது உயர் மின்னழுத்தம்.

தம்பி செக்வோயாவை எடுத்தான். வாரக் கடைசியில் படகு இழுக்கிறான், மூன்றாம் வரிசையை வருஷத்தில் நாலு தடவைதான் திறக்கிறான், சாமான் மேடு அவனுக்குப் பொருட்டில்லை. நாங்கள் ஹைகிராஸ் எடுத்தோம். ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் காவல்காரர் ரெடி விளக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார், படம் வராத வாரம் நானே போன் போடுகிறேன்.