கிரேக்கத் துன்பியலை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அரிஸ்டாட்டில் சொன்ன ஆறு உறுப்புகளை (கதையமைப்பு, பாத்திரம், சிந்தனை, மொழி, இசை, காட்சி) மனப்பாடம் பண்ணிவிட்டு நாடகத்துக்குப் போகாதீர்கள். முதலில் சோஃபக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள்.

அப்புறம் பென்சிலோடு கொரிந்து நகரத்துத் தூதன் வரும் காட்சிக்கு நேராகப் போங்கள். அவன் நல்ல சேதி கொண்டுவருகிறான்: ஈடிபஸ் தன் தந்தை என்று நம்பும் கொரிந்து அரசன் பொலிபஸ் இறந்துவிட்டார், தீப்ஸ் நகரை ஆளும் ஈடிபஸ்தான் இனி அங்கேயும் அரசன். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற அருள்வாக்குக்குப் பயந்து அந்த ஊரைவிட்டு ஓடிவந்தவன் ஈடிபஸ். தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாளே என்று தயங்குகிறான். பயத்தைப் போக்க நினைத்த தூதன், அவர்கள் உன்னைப் பெற்றவர்களே இல்லை, கைக்குழந்தையாக உன்னை அவர்களிடம் கொடுத்ததே நான்தான் என்று சொல்லிவிடுகிறான். ஆறுதலாகச் சொன்ன பேச்சே எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறது. பெரிபெடீயா, அதாவது தலைகீழ்த் திருப்பம் என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டும் உதாரணமே இதுதான்.

இங்கே ஈடிபஸை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கும் அவன் மனைவி யொகாஸ்டாவைக் கவனியுங்கள். குழந்தையின் கணுக்கால்கள் துளைக்கப்பட்டிருந்தன என்று தூதன் சொல்கிறான். தான் பெற்ற பிள்ளையின் கால்களை முதல் கணவன் லாயஸ் பிணைத்து மலையில் போடச் செய்ததைச் சற்றுமுன்புதான் அவளே சொல்லியிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, இனிமேல் விசாரிக்காதே என்று கெஞ்சுகிறாள், அவன் கேட்கவில்லை, உள்ளே போய்விடுகிறாள். அறியாமையிலிருந்து அறிவுக்கு வரும் இந்த நொடிதான் அனக்னோரிசிஸ். ஈடிபஸுக்கு அது, குழந்தையைத் தூதனிடம் கொடுத்த கிழட்டு இடையன் வந்த பிறகே வாய்க்கிறது, அந்த இடைவெளியைப் படிக்கப் படிக்க நெஞ்சு பதறுகிறது.

ஹமார்ட்டியாவை, அதாவது நாயகனை வீழ்த்தும் தவறை, குணக்குறை என்று எழுதிவைக்காதீர்கள். குறி தவறுவது என்பதுதான் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள். முச்சந்தியில் தான் கொன்ற கிழவர் தன் தந்தை லாயஸ் என்று ஈடிபஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கோபக்காரன் என்பது உண்மை, ஆனால் அதை மட்டும் வைத்து இந்த நாடகத்தை விளக்க முடியாது.

கோரஸ் பாடல்களைத் தாண்டிப் போகவே போகாதீர்கள். பதினைந்து பேர் ஆடிப் பாடிய பகுதி அது. ஊரே பயப்படுவதும் நம்புவதும் அதில்தான் கேட்கும். கடைசியில் யொகாஸ்டாவின் சாவையும், அவள் ஆடையில் இருந்த ஊசிகளால் ஈடிபஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வதையும் மேடையில் காட்டுவதில்லை, அரண்மனைக்குள்ளிருந்து வரும் ஓர் ஆள் சொல்லக் கேட்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் வாய்விட்டு, நிதானமாக வாசித்துப் பாருங்கள்.