திரெட் எத்தனை? கேட்கிற இடம் பிழைத்தால்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துப் படிக்கும் பெடியள் எழுதும் பரலல் புரோகிராம்களில், அதாவது வேலையை ஒன்றாக ஓடும் பல திரெட்டுகளுக்கு (இழைகளுக்கு)ப் பிரித்துக் கொடுப்பவற்றில், வருடா வருடம் ஒரே பிழைகள். திரெட் முடியும்வரை காத்திருக்க (ஜொயின் பண்ண) மறப்பது, பொதுவான மாறியைப் பூட்டாமல் விடுவது எல்லாம் பாடத்திலேயே வரும். திரெட் எண்ணிக்கையில் விடுகிற பிழை அப்படிப் பிடிபடாது. புரோகிராம் ஓடும், விடையும் சரியாக வரும், நேரம் மட்டும் வீணாகும்.

ஓபின்எம்பி 1 என்கிறதா?

ஓபின்எம்பி, வேலையைத் திரெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு வசதி. அதன் ‘ஓஎம்பி_கெட்_நம்_திரெட்ஸ்’ பரலல் பகுதிக்கு வெளியே எப்போதும் 1தான் தரும். வெளியே நின்று கேட்பதானால் ‘ஓஎம்பி_கெட்_மெக்ஸ்_திரெட்ஸ்’.

சி++ இல் பூச்சியம்

எத்தனை திரெட் ஒன்றாக ஓடலாம் என்று சொல்லும் ‘ஹார்ட்வெயார்_கன்கரன்சி’, கணிக்க முடியாவிட்டால் 0 தரலாம். அதால் வகுக்க முதல் பாருங்கள்.

மெசினில் உள்ளது வேறு, உங்களுக்குத் தந்தது வேறு

எரிச்சல் வருவது இதில்தான். லப்டொப்பில் 8 திரெட்டோடு நன்றாக ஓடியதை 64 திரெட் உள்ள சேர்வரில், 2 சிபியு என்று வரம்பு போட்ட டொக்கர் கொள்கலனில் (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) ஏற்றுவார்கள். பைதனின் ‘ஓஎஸ்.சிபியு_கவுண்ட்’ 64 என்று சொல்லும். அது முழு மெசினின் கணக்கு. உடனே 64 திரெட் திறப்பார்கள்.

2 சிபியு என்றால் ஒவ்வொரு 100 மில்லிசெக்கனுக்கும் 200 மில்லிசெக்கன் சிபியு நேரம். 64 திரெட்டும் ஒன்றாக ஓடினால் அது மூன்று மில்லிசெக்கன் சொச்சத்தில் முடிந்துவிடும். மிச்சம் 97 மில்லிசெக்கனுக்கு கேர்னல் (ஒபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். மற்றவை வரும்வரை தடுப்பில் (பரியர்) சும்மா சுற்றிக் காத்திருக்கும் திரெட்டும் அதே பங்கில்தான் தின்னும். பிறகு அறிக்கையில் வரைபடம் ஒன்றைப் போட்டு, பழியை அம்டாலின் விதியில் (பிரிக்க முடியாத பகுதிதான் வேகத்துக்கு எல்லை என்பது) போடுவார்கள். பாவம், அம்டால்!

‘என்புரோக்’ கட்டளையை நம்பியும் பயனில்லை. எந்தெந்த சிபியுவில் ஓடலாம் என்ற கட்டுப்பாட்டை அது மதிக்கும், ஆனால் அதன் பழைய பதிப்புகள் இந்த நேர வரம்பைப் பாரா. பைதன் 3.13இல் வந்த ‘புரோசஸ்_சிபியு_கவுண்ட்’டும் நேர வரம்பைப் பாராது. ஜாவா 10 முதலும் கோ 1.25 முதலும் வரம்பைத் தாங்களே வாசிக்கின்றன. மற்றவற்றில், சிகுரூப் 2 (இந்த வரம்புகளைப் போடும் கேர்னல் வசதி) உள்ள லினக்ஸ் என்றால், கொள்கலனுக்குள் ‘/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிபியு.மெக்ஸ்’ கோப்பைத் திறந்து பாருங்கள். ‘200000 100000’ என்று இருந்தால் முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள்: 2. முதலாவது ‘மெக்ஸ்’ என்றிருந்தால் அந்த இடத்தில் வரம்பில்லை. பக்கத்தில் உள்ள ‘சிபியு.ஸ்டாட்’ கோப்பில் ‘என்ஆர்_திரொட்டில்ட்’ ஏறிக்கொண்டே போனால் கழுத்து நெரிபடுகிறது என்று அர்த்தம்.

நம்பை பெருக்கிவிடும்

நம்பை, பைதனின் கணித லைப்ரரி. 8 புரோசஸ் திறந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் நம்பைக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓபின்பிளாஸ் 8 திரெட் திறந்தால் மொத்தம் 64. நம்பையை இம்போர்ட் பண்ண முதலே ‘ஓபின்பிளாஸ்_நம்_திரெட்ஸ்’ சூழல் மாறியை 1 ஆக்குங்கள். இம்போர்ட் பண்ணிய பிறகு வைத்தால் அது கவனிக்காது.

ஹைப்பர்திரெடிங்

ஒரு கோரையே இரண்டு சிபியுவாகக் காட்டுவது இது. அதனால் பல லப்டொப்களில் 8 என்று காட்டுவது 4 கோர்தான். ‘எல்எஸ்சிபியு’வில் ஒரு கோருக்கு எத்தனை திரெட் என்ற வரியைப் பாருங்கள். கணக்கு மட்டும் போடும் லூப்புக்கு முதலில் 4 வைத்து நேரம் எடுங்கள், பிறகு 8.

புரோகிராமுக்குள் 8 என்று எழுதி வைப்பது

வேண்டாம்.