லிமிட்டெட் எடிஷனுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

சின்னப் பட்டறை ஒன்றின் லிமிட்டெட் எடிஷன் கைக்கடிகாரத்துக்கு, மெயில் வந்த பத்து நிமிஷத்தில் அட்வான்ஸ் கட்டியவன் நான். 50 பீஸ்தான் என்றார்கள், சால்மன் நிற டயல். நாலு மாதம் கழித்து அதே கேஸ் (வெளிக்கூடு), அதே மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்), பச்சை டயலில் இன்னொரு 50, அப்புறம் ஏதோ ஒரு கடைக்கென்று தனியாக 20. பட்டறையின் பெயர் வேண்டாம்.

அதனால் முதல் வேலை, பின்பக்கம் பொறித்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே ஓடும் காலிபர், அதாவது மூவ்மென்ட்டின் மாடல், எதுவென்று பாருங்கள். அதே காலிபரில் இதுவரை வந்த எல்லா எடிஷனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். வரும் மொத்தம்தான் நிஜமான எண்ணிக்கை. டயல் நிறமும் ஸ்ட்ராப்பும் மட்டும் மாறியிருந்தால் அது புது நிறம், அவ்வளவுதான். பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அபூர்வம் என்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கை கூடினாலே சேகரிப்பாளர்கள் கோபப்படுவார்கள் என்றும் இல்லை. சுவிஸ் கடிகாரக் கலைஞர் ஃபிலிப் டுஃபூர் 2000-இல் சிம்ப்ளிசிட்டி என்ற கடிகாரத்தை 100 என்றுதான் தொடங்கினார், கடைசியில் அது 200-ஐ எட்டியது, 2020-இல் ஆண்டு நிறைவுக்கென்று இன்னும் 20 வந்தது. மதிப்பு குறையவில்லை, ஏனென்றால் அங்கே எல்லை போட்டது விளம்பரம் இல்லை, அவருடைய இரண்டு கைகள். இன்னொரு கடிகாரத் தயாரிப்பாளரான எஃப். பி. ஜோர்ன் கதை இன்னும் வேடிக்கை. 2004 வாக்கில் மூவ்மென்ட்டுகளைப் பித்தளையிலிருந்து 18 காரட் ரோஸ் கோல்டுக்கு மாற்றினார்கள். இன்று பலர் தேடி அலைவது அந்தப் பழைய பித்தளையைத்தான், அதன்மேல் யாரும் லிமிட்டெட் என்று எழுதவே இல்லை!

சிறிய பட்டறைக்கு ஒவ்வொரு எடிஷனின் அட்வான்ஸும் அடுத்த மாதச் சம்பளம், அதையும் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு உறுத்துவது முதலில் வாங்கியவனிடம் சொல்லாமல் செய்வதுதான்.

சரி, பணம் அனுப்பும் முன் மெயிலிலேயே கேளுங்கள்: இதே டயல் வேறு உலோகக் கேஸில் வருமா, 50 என்பது இந்த நிறத்துக்கா மொத்த மாடலுக்கா, பின்பக்கத்தில் என் எண் தனியாக இருக்குமா, இல்லை எல்லாவற்றிலும் "50-இல் ஒன்று" என்றுதான் இருக்குமா. போன எடிஷன் ஏலத்தில் என்ன விலைக்கு முடிந்தது என்றும் தேடுங்கள், விற்பவர் கேட்கும் விலை கணக்கில்லை. "இப்போதைக்கு வேறு திட்டம் இல்லை" என்று பதில் வந்தால் ஆறு மாதம் பொறுங்கள்.