ஆர்லிஸ்டாட் சாப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பெரும்பாலும் நான் செய்தவை

போன வாரம் ஒரு இளம்பெண் மருந்துக் கவுண்டரில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, வரிசைக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று குழி. "எவ்வளவு ஒழுங்கா சாப்பிடறேன் பாருங்கக்கா, ஒரு வேளைகூட விட்டதில்ல. ஆனா ஒரே அசதி, முடி வேற கொட்டுது" என்றார். திங்கட்கிழமைக் காலைக் குழியைத் திறந்தேன். ஒரு தைராய்டு மாத்திரை, எடை குறைக்கப் போடும் ஆர்லிஸ்டாட் கேப்ஸ்யூல் ஒன்று, ஒரு மல்டிவைட்டமின். மூன்றும் உரசிக்கொண்டு கிடந்தன.

அச்சு அசலாக இதே மாதிரி டப்பா ஒன்று என்னிடமும் இருந்தது. நான் மருந்தாளுநர். அதோடு, இந்த கேப்ஸ்யூலைச் சில மாதங்கள் நானே சாப்பிட்டவள். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே தொழிலாக இருந்தும் இந்தத் தவறுகளைச் செய்தேன் என்பதால், எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எண்ணெயைக் குறையுங்கள், கர்ப்பிணிகள் தொடக் கூடாது, பாலூட்டுபவர்களுக்கு வேண்டாம், உணவுச் சத்தைக் குடல் சரியாக உறிஞ்சாத நோயோ பித்தத் தேக்கமோ உள்ளவர்களுக்கு ஆகாது என்பதெல்லாம் மருந்துத் தாளிலேயே இருக்கிறது. அதையே இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.

மருந்து செய்யும் வேலை எளிமையானது. நாம் சாப்பிடும் கொழுப்பைத் துண்டாக்கி உடலுக்குள் அனுப்பும் லைபேஸ் என்ற நொதியை இது வயிற்றிலும் குடலிலும் முடக்கிவிடுகிறது. 120 மில்லிகிராம் கேப்ஸ்யூல், உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தை உடலில் சேரவிடாது. பல நாடுகளில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் 60 மில்லிகிராம், 25 சதவீதம் போல. தடுக்கப்பட்டது மலத்தோடு வெளியேறும். மருந்து ரத்தத்தில் கலப்பது மிக மிகக் குறைவு. எல்லாரையும் கவிழ்ப்பது இந்தக் கடைசி விஷயம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சாப்பிடாத வேளையில் போடுவது

நடைப்பயிற்சிக்கு முன்னால் ஒன்று போட்டால் சீக்கிரம் கரையுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது எதையும் கரைக்காது. இடுப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கொழுப்புக்கும் இதற்கும் நேரடியாக எந்தப் பேச்சுவார்த்தையும் கிடையாது. இப்போது தட்டில் இருக்கும் கொழுப்பை மட்டும்தான் அதற்குத் தெரியும். சாப்பிடும்போதோ, சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ளோ போட வேண்டும். அந்த வேளை சாப்பிடவில்லை, அல்லது சாப்பிட்டதில் கொழுப்பே இல்லை என்றால் கேப்ஸ்யூலும் வேண்டாம். விட்டுப்போன கணக்கை அடுத்த வேளையில் ஈடுகட்டவும் கூடாது.

இரண்டு கேப்ஸ்யூல் சேர்த்துப் போடுவது

120 மில்லிகிராம், நாளைக்கு மூன்று முறை. அதற்கு மேல் போட்டால் கூடுதல் பலன் கிடையாது.

எல்லா மாத்திரையையும் ஒரே குழியில் போடுவது

என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. பல வருடமாக லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் போய்க்கொண்டிருந்தது, டி.எஸ்.எச். அளவும் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும், கூடினால் இறங்கும் ஹார்மோன் இது) ஒழுங்காக இருந்தது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அந்த மாத்திரை, அரை மணி கழித்துச் சாப்பாடு. ஆர்லிஸ்டாட் தொடங்கியதும் அந்தக் காலைச் சாப்பாட்டோடு கேப்ஸ்யூலும் சேர்ந்துகொண்டது. வெறும் வயிறு என்ற விதியை மீறவில்லையே என்று எனக்கு நிம்மதி. இரண்டாவது வாரத்தில் அந்த அரை மணியும் தேய்ந்துபோனது. ஒரே குழியில் கிடப்பதை ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கத்தான் கை போகும்.

இந்த இரண்டு மருந்துக்கும் நடுவே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். சேர்ந்து போனால் தைராய்டு மருந்து குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். இது ரகசியமில்லை, மருந்துத் தாளில் அச்சாகியிருக்கிறது. நான் தினமும் எடுத்துக் கொடுக்கும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அதே தாள்தான்.

மூன்றாவது மாதம் டி.எஸ்.எச். 9-ஐத் தாண்டியிருந்தது. "புதுசா வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம், உடம்பைக் குறைக்க மாத்திரை போடுகிறேன் என்று சொல்ல வெட்கம். இன்னொரு பக்கம், ரத்தத்திலேயே கலக்காத இந்தச் சமாச்சாரம் மருந்துக் கணக்கில் வராது என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பு. வேறு யாராவது கவுண்டரில் அப்படிச் சொல்லியிருந்தால் உட்கார வைத்துப் பாடம் எடுத்திருப்பேன். குடலில் மட்டும் வேலை செய்கிறது என்றால், குடல் வழியாகப் போகும் மற்ற எல்லாவற்றின் பாதையிலும் அது நிற்கிறது என்றுதானே பொருள்?

அவர் 75-ஐ 100 ஆக்கினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். இன்னும் இறங்கவில்லை. 125 ஆக்கினார். இதற்கிடையில் எனக்கு அசதி, குளிர் தாங்காமை, முகம் உப்பல். எடை நகரவே இல்லை. நகராதுதான், தைராய்டு குறைந்தால் எடை ஏறும். கொழுப்பை ஒரு வாசல் வழியாகத் துரத்திக்கொண்டே இன்னொரு வாசலை நானே திறந்து வைத்திருந்தேன். தைராய்டு குறையும்போது மலச்சிக்கல் வந்தாலாவது சந்தேகப்பட்டிருப்பேன். கேப்ஸ்யூல் போடுகிறவளுக்கு மலச்சிக்கல் எங்கே வரும்?

அலுத்துப்போய் கேப்ஸ்யூலை நிறுத்தினேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் 125 மைக்ரோகிராம் அப்படியே தொடர்ந்தது. இப்போது அதைத் தடுக்க ஆளில்லை, முழுசாக உள்ளே போனது. ஆறேழு வாரத்தில் ராத்திரி படுத்தால் தலையணைக்குள் இதயத் துடிப்பு கேட்டது. மாத்திரை எண்ணும் தட்டைப் பிடித்தால் மாத்திரைகள் கலகலவென்று ஆடின. எடை மூன்று கிலோ இறங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். உடம்பு ஒருவழியாகப் பழகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தால் இன்றும் எரிச்சல் வருவது அந்தச் சந்தோஷத்தின் மேல்தான்.

அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே. டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா டோஸைத் தொட்டிருக்கவே மாட்டேனே" என்றார். மீண்டும் 75. பழைய நிலைக்கு வர முக்கால் வருடம் போனது.

ஆகவே, தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் ஆர்லிஸ்டாட் தொடங்கும்போதும் சொல்லுங்கள், நிறுத்தும்போதும் சொல்லுங்கள். நிறுத்துவதைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம். காலையில் தைராய்டு மாத்திரை போட்டால் காலைச் சாப்பாட்டைக் கொழுப்பில்லாமல் வைத்துக்கொண்டு, அந்த வேளை கேப்ஸ்யூலை விட்டுவிடலாம். மதியமும் இரவும் மட்டும் போதும். அது தோதுப்படாவிட்டால் தைராய்டு மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்போதும் இரவுக் கேப்ஸ்யூலிலிருந்து 4 மணி நேரம் எண்ண வேண்டும்.

"எனக்குத் தைராய்டு இல்லையே" என்று மேலே உள்ளதைத் தாண்டிப் போவது

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்கு வைட்டமின் கே உறிஞ்சல் குறைந்து, ரத்தம் உறையும் அளவு மாறலாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆர்லிஸ்டாட் சேர்ந்தபின் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இரண்டின் ரத்த அளவும் குறையலாம். எச்.ஐ.வி. மருந்துகளின் பலனும் குறையலாம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு எடை இறங்க இறங்க டோஸைக் குறைக்க வேண்டிவரும். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கருத்தடை மாத்திரை போடும் பெண்களுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் அந்த நாட்களில் வேறு பாதுகாப்பும் தேவை.

வைட்டமினைச் சாப்பாட்டோடு விழுங்குவது

ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு ஒட்டிக்கொண்டே உடலுக்குள் போகிறவை. கொழுப்பு வெளியேறினால் இவையும் கூடவே போய்விடும். வைட்டமின் மாத்திரையைக் கேப்ஸ்யூலோடு சேர்த்துப் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். படுக்கும்போது போடுங்கள், கேப்ஸ்யூலிலிருந்து 2 மணி நேரமாவது தள்ளி.

விருந்து நாளில் மட்டும் போடுவது

இதை நானும் செய்தேன். மறுநாள் கழிவறைத் தண்ணீரின் மேல் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. தண்ணீர் ஊற்றினால் விலகிப் போய்த் திரும்பவும் கூடியது. அது பரவாயில்லை. வாயு என்று நினைத்து அசட்டையாக இருந்ததில் பணியிடத்தில் நேர்ந்ததை எழுத மாட்டேன்.

மருந்து சரியில்லை என்று திட்டுவதில் அர்த்தமில்லை. கொழுப்பு எவ்வளவு போனதோ அவ்வளவுதான் வெளியே வரும். ஒரு நாளின் கலோரியில் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்து வரக் கூடாது, அதையும் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 67 கிராம் போல வரும். காலையும் மதியமும் பட்டினி கிடந்துவிட்டு இரவில் மொத்தத்தையும் தீர்த்தால் கூட்டல் கணக்கு சரியாக இருக்கும், குடல் கணக்கு சரியாக இருக்காது.

முதல் வாரம் வெளிர் நிற உடை

வேண்டாம்.

சிறுநீரகக் கல் வந்த கதையை மறைப்பது

இது பலருக்குத் தெரியாது. உணவிலுள்ள ஆக்சலேட்டைக் குடலில் கால்சியம் பிடித்துக்கொள்ளும். இரண்டும் மலத்தோடு போய்விடும். ஆர்லிஸ்டாட் சாப்பிடும்போது செரிக்காத கொழுப்பு முந்திக்கொண்டு கால்சியத்தைப் பிடித்துவிடுகிறது. தனித்துவிடப்பட்ட ஆக்சலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்குப் போய்ப் படியும். கல் உருவாகலாம், அரிதாகச் சிறுநீரகமே பழுதாகலாம். முன்பு கல் வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

கல்லீரல் பாதிப்பும் அரிதுதான், ஆனால் உண்டு. 2010-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த எச்சரிக்கையை மருந்துத் தாளில் சேர்த்தது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் அடர் நிறமாகப் போனாலோ, காரணமில்லாத அரிப்போ வலது மேல்வயிற்றில் வலியோ வந்தாலோ அடுத்த கேப்ஸ்யூலைப் போடாமல் டாக்டரிடம் போங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று இணையத்தில் வாங்குவது

அதே 2010-இன் ஜனவரியில் அந்த நிர்வாகம் இன்னொரு எச்சரிக்கையும் விட்டது. 60 மில்லிகிராம் ஆர்லிஸ்டாட் என்று இணையத்தில் விற்ற போலிகளில் ஆர்லிஸ்டாட் இல்லை. உள்ளே இருந்தது சிபுட்ரமின். ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றும் மருந்து அது. இதய நோயாளிக்கு அதை நாளைக்கு மூன்று முறை கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வருடமே அமெரிக்கச் சந்தையிலிருந்து சிபுட்ரமின் விலக்கிக்கொள்ளப்பட்டது.

பலன் இல்லாமலே தொடர்வது

12 வாரம் பாருங்கள். தொடங்கியபோது இருந்த எடையில் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், அதாவது 80 கிலோவில் 4 கிலோ, நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. "இன்னும் ஒரு பெட்டி பார்க்கலாம்" என்று நான் மூன்று பெட்டி பார்த்தேன்.

டப்பாவில் பிரித்துப் போட்டு வைப்பது

ஈரம் ஆகாத மருந்து. அது வந்த அட்டையிலோ, மூடி இறுக்கிய குப்பியிலோதான் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் டப்பாவிலிருந்து எல்லாக் கேப்ஸ்யூலையும் பொறுக்கி வெளியே வைத்தேன். காலைக் குழிகளிலிருந்து வைட்டமினையும் எடுத்தேன். தைராய்டு மாத்திரை மட்டும் தனியாகக் கிடந்த டப்பாவைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ இதை அந்த டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணுமாக்கா?" என்று கேட்டார்.