எச்.ஐ.வி. நோயாளிக்குக் கடுந்தொற்று: அட்ரீனலை எப்போது சந்தேகிப்பது, என்ன செய்வது

சலைன் போதுமான அளவு போயும் பிபி ஏறவில்லை, பிபியை ஏற்றும் மருந்தான நார்அட்ரினலினைக் குறைத்தாலே மறுபடி விழுகிறது என்றால் அட்ரீனலை, அதாவது கார்டிசால் ஹார்மோனைச் சுரக்கும் சிறுநீரக மேல் சுரப்பியை, நினைக்க வேண்டும். அதன் வெளிப்பகுதியான புறணியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அழியும்வரை சாதாரண நாட்களில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கார்டிசால் பல மடங்கு தேவைப்படும் நாளில்தான் குட்டு உடையும். எதிர்ப்புச் செல்களான சிடி4-இன் எண்ணிக்கை 50-க்குக் கீழே இருந்தால் சைட்டோமெகலோ வைரஸ்தான் முதல் சந்தேகம். காசநோய், கிரிப்டோகாக்கஸ், ஹிஸ்டோபிளாஸ்மா, லிம்போமா அடுத்து.

ரத்தம் எடுக்கும் முன் கேஸ் ஷீட்டின் மருந்துப் பக்கத்தைப் பாருங்கள், பாதி விடை அங்கே இருக்கும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கார்டிசாலை வேகமாகச் சிதைக்கும். பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோல் அதன் உற்பத்தியையே தடுக்கும். மூச்சுக் குழாய் போடும்போது கொடுத்த மயக்க மருந்து எட்டோமிடேட்டும் அப்படித்தான். எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் எடுப்பவர் ஃப்ளூட்டிகசோன் ஸ்டீராய்டு இன்ஹேலரும் இழுத்தால், அந்த ஸ்டீராய்டு உடைபடாமல் உடம்பில் தேங்கி, அட்ரீனலுக்குக் கட்டளையிடும் பிட்யூட்டரியை அடக்கிவிடும். முகம் உப்பி, கார்டிசால் மிகுந்த குஷிங் நோயாளி போலத் தெரிவார், ஆனால் சொந்தக் கார்டிசால் இருக்காது. மாத்திரைக் கணக்கில் இன்ஹேலரை யாரும் சொல்வதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள், மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டதுண்டா என்றும் கேளுங்கள்.

சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. நிமோசிஸ்டிஸ் நிமோனியாவுக்கு அதிக டோஸில் கோட்ரைமாக்சசோல் போனால் பொட்டாசியம் தானாகவே ஏறும். பூஞ்சை மருந்தான ஆம்ஃபோடெரிசின் ஓடினால் பொட்டாசியம் இறங்கி, உண்மையான அட்ரீனல் குறைபாட்டையும் மறைத்துவிடும். இவற்றைவிட ரத்தச் சர்க்கரை திரும்பத் திரும்ப விழுவதும், இவ்வளவு பெரிய தொற்றிலும் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மறையாமல் நிற்பதும் நல்ல துப்பு.

முதலில் கார்டிசாலுக்கு ரத்தம் எடுங்கள். நிலைமை இடம் கொடுத்தால் அட்ரீனலைத் தூண்டும் டெட்ராகோசாக்டைட் 250 மைக்ரோகிராம் நரம்பில் கொடுத்து 60-வது நிமிடம் மறுபடி எடுங்கள். அதிர்ச்சி நிலையில் முதல் அளவு 10 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தாலோ, ஊசிக்குப் பின் உயர்வு 9-ஐ எட்டாவிட்டாலோ குறைபாடு இருக்கலாம். ரத்தப் புரதமான ஆல்புமின் 2.5 கிராம்/டெசிலிட்டருக்குக் கீழே இருந்தால் மொத்தக் கார்டிசால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஏற்கெனவே பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு போகிறவரிடம் பல ஆய்வக முறைகள் அதையும் கார்டிசாலாக எண்ணிவிடும். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பிபி விழுந்து கிடப்பவருக்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. நரம்பில், பிறகு 6 மணிக்கொரு முறை 50 மி.கி. இதய நிலையைப் பார்த்து முதல் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் நார்மல் சலைன். சர்க்கரை குறைந்திருந்தால் டெக்ஸ்ட்ரோஸ். இந்த டோஸில், உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் தனியாகத் தேவையில்லை.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. ஸ்டீராய்டு ஏறியதும் உடம்பு பிடித்து வைத்திருந்த தண்ணீர் சிறுநீராகக் கொட்டும், சோடியம் விருட்டென்று ஏறும். 24 மணி நேரத்தில் 8 மில்லிமோல்/லிட்டருக்கு மேல் ஏற விட்டால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம். 4 முதல் 6 மணிக்கொரு முறை சோடியம் பாருங்கள், சிறுநீர் அளவை மணிக்கு மணி குறிக்கச் சொல்லுங்கள்.

கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சலில் வழக்கமாக டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது கேடு என்று 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்காக, அட்ரீனல் செயலிழந்தவருக்கு ஹைட்ரோகார்ட்டிசோனை மறுப்பது சரியல்ல. தேவைக்கு ஈடு செய்யும் டோஸ் வேறு, அழற்சியை அடக்கும் டோஸ் வேறு. நிலைமை தேறத் தேற, தேவையான அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

நார்அட்ரினலின் நின்றபின் டோஸைப் படிப்படியாகக் குறைத்து, நாளுக்கு 15 முதல் 25 மி.கி. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைக்கு மாற்றுங்கள். ரிஃபாம்பிசின் தொடர்ந்தால் இது போதாது, கூட்ட வேண்டும். சில வாரம் கழித்து, முந்தைய நாள் மதியத்துக்குப் பின் மாத்திரையை நிறுத்தி, காலை 8 மணிக்குக் கார்டிசால் பாருங்கள். 3 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழே என்றால் மாத்திரை தொடர வேண்டியதுதான். 18-க்கு மேல் என்றால் நிறுத்தலாம். இடைப்பட்டால் ஊசிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதுவரை காய்ச்சல் வந்தால் டோஸை இரட்டிப்பாக்கவும், வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நம்பாமல் ஊசிக்கு உடனே வரவும் வீட்டாருக்கு எழுதிக் கொடுங்கள்.