பிராக்டிகல் பிஸ்டல்: சொந்த ஸ்கோரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராக்டிகல் பிஸ்டல் என்பது இடம் மாறி மாறிப் பல டார்கெட்டுகளை வேகமாகவும் குறி தவறாமலும் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டி. அதன் முடிவுப் பட்டியல் வந்ததும் பலரின் கண் முதலில் போவது இரண்டு எண்களுக்கு: எத்தனையாவது இடம், வென்றவர் எடுத்ததில் எத்தனை சதவீதம். இந்த இரண்டையும் வைத்து உங்கள் ஆட்டத்தை எடைபோட முடியாது. வென்றவர் அன்று தடுமாறியிருந்தால் உங்கள் சதவீதம் ஏறும். பெரிய கை ஒருவர் வந்து சுட்டிருந்தால் அதே சதவீதம் இறங்கும். நீங்கள் சுட்டது என்னவோ ஒன்றுதான். படிக்க வேண்டியது ஒவ்வொரு ஸ்டேஜின் (போட்டியின் ஒரு சுற்று) ஏ, சி, டி (டார்கெட்டில் நடுவிலிருந்து வெளியே போகும் பகுதிகள்), மிஸ் (எதிலும் படாதது) எண்ணிக்கையும் நேரமும்தான். ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால், உங்கள் டிவிஷனிலேயே (ஒரே வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பிரிவு) உங்களுக்குச் சற்று மேலே இருப்பவரோடு ஒப்பிடுங்கள். அவர் எந்த ஸ்டேஜில் முந்தினார் என்று பார்த்தால் காரணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

புள்ளியையும் நொடியையும் தனித்தனியாகப் பார்ப்பது

'இன்று மெதுவாகச் சுட்டேன்', 'இன்று குறி சரியில்லை' என்று பிரித்துப் பேசும்போதே கணக்கு தவறிவிடுகிறது. ஐபிஎஸ்சி (இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு) போட்டிகளில் எடுத்த புள்ளியை நொடியால் வகுத்து வருவதுதான் ஹிட் ஃபேக்டர். ஏ பகுதிக்கு 5 புள்ளி. சி பகுதிக்கு மேஜரில் (வீரியம் கூடிய தோட்டா) 4, மைனரில் (வீரியம் குறைந்தது) 3. டி பகுதிக்கு மேஜரில் 2, மைனரில் 1. மிஸ், நோ-ஷூட் (சுடக் கூடாத டார்கெட்டில் படுவது), விதிமீறல் என ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி கழியும்.

மைனரில் 24 தோட்டா ஸ்டேஜ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 ஏ, 3 சி, 1 டி என்றால் 110 புள்ளி. நேரம் 22 நொடி. ஹிட் ஃபேக்டர் 5.00. அந்த ஒரு டி மிஸ் ஆகியிருந்தால் 99 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 4.50. மறுபடி 5.00-ஐத் தொட 19.8 நொடியில் முடித்திருக்க வேண்டும். ஒரு தோட்டா 2.2 நொடியைத் தின்றுவிட்டது.

எல்லா இழப்பையும் இப்படி நொடியாக மாற்றி எழுதுங்கள். ஹிட் ஃபேக்டர் 5 வரும் ஸ்டேஜில் ஒரு புள்ளி 0.2 நொடிக்குச் சமம். அப்படியென்றால் மைனரில் ஏ போய் சி ஆனால் 0.4 நொடி நட்டம், டி ஆனால் 0.8, மிஸ் ஆனால் 3 நொடி. ஹிட் ஃபேக்டர் 10 வரும் ஸ்டேஜில் இவை எல்லாம் பாதியாகும். தூரமும் ஓட்டமும் அதிகமான ஸ்டேஜில் அவசரப்பட்டு, கிட்டத்து ஸ்டேஜில் அளவுக்கு மீறி நிதானித்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவர்கள் தலைகீழாகச் சுட்டதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்டேஜின் எடையையும் மறக்கக் கூடாது. 8 தோட்டா ஸ்டேஜின் உச்சப் புள்ளி 40, 32 தோட்டா ஸ்டேஜுக்கு 160. சின்ன ஸ்டேஜில் 20 சதவீதம் சொதப்பினால் போவது 8 புள்ளி. பெரிய ஸ்டேஜில் சத்தமில்லாமல் 10 சதவீதம் நழுவினால் 16 போகும். மனதில் உறுத்துவது முதலாவது, போட்டியைக் கெடுத்தது இரண்டாவது.

ஒட்டுப் போடும் முன் டார்கெட்டைப் பார்க்காமல் விடுவது

கற்றுக்கொள்ளக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடப்புத்தகம் ஓட்டை விழுந்த அட்டைதான். அதன் ஆயுள் சில நிமிடம், அடுத்தவருக்காக ஓட்டைகளை ஒட்டி மூடிவிடுவார்கள். ரேஞ்ச் ஆபீசர் (போட்டி நடுவர்) ஸ்கோர் சொல்லிக்கொண்டு போகும்போது பின்னாலேயே நடந்து பாருங்கள். தொடக் கூடாது, கண்ணால் மட்டும். பார்க்கும் முன்பே 'மூன்றாவது டார்கெட்டில் இரண்டாவது தோட்டா இடப்பக்கம் சி' என்று மனதுக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் ஓட்டையும் பொருந்தினால், சுடும் கணத்தில் சைட் (குறிபார்க்கும் அமைப்பு) எங்கே இருந்தது என்பதைக் கண் பிடித்திருக்கிறது. ஏ என்று நினைத்தது மிஸ்ஸாக இருந்தால், கண் அங்கே இல்லவே இல்லை. இந்த இரண்டுக்கும் வெவ்வேறு மருந்து.

ஓட்டைகளின் ஜோடியைப் படிக்கப் பழகுங்கள். முதல் தோட்டா ஏ நடுவில், இரண்டாவது மேலே ஏறி சி என்றால், சைட் திரும்பி இறங்குமுன் டிரிகர் போயிருக்கிறது அல்லது பிடி தளர்ந்திருக்கிறது. முதலாவது ஓரத்தில், இரண்டாவது நடுவில் என்றால் கோளாறு டிரான்சிஷனில் (ஒரு டார்கெட்டிலிருந்து அடுத்ததற்குத் துப்பாக்கியைத் திருப்புவது). இடமிருந்து வலம் வீசி வந்த துப்பாக்கி நிலைகொள்ளுமுன் முதல் தோட்டா வலப்பக்கம் தாண்டி விழுந்துவிட்டது. வலக்கைக்காரருக்கு ஓட்டைகள் கீழே இடப்பக்கமாகக் கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டிரிகரை வெடுக்கென்று இழுப்பதை. இடம்விட்டு நகரும் முன் சுடும் கடைசி டார்கெட்டில் மட்டும் டி-யும் மிஸ்ஸும் தொடர்ந்து வந்தால், உடல் கிளம்பியபின் விரல் வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு டார்கெட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒரு போட்டியில் ஐந்தாறு இடத்தில் அதே ஜோடி வந்தால் அது பழக்கம்.

மேகசின்களை நிரப்பும் முன் இரண்டு வரி எழுதிவிடுங்கள். மாலை வரை தள்ளிப்போட்டால் அடுத்த ஸ்டேஜ் முந்தையதன் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். மனம் தனக்குச் சாதகமான கதையை வைத்துக்கொள்ளும்.

ஸ்பிளிட்டைத் துரத்துவது

ஒரே டார்கெட்டில் இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே உள்ள நேரம்தான் ஸ்பிளிட். காதில் விழுவது அதுதான், அதனால் எல்லாரும் அதையே குறைக்கப் பார்க்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: 12 டார்கெட் உள்ள ஸ்டேஜில் ஸ்பிளிட்டை 0.22-இலிருந்து 0.18-க்குக் கொண்டுவந்தால் மிச்சம் 0.48 நொடி. அதற்காக இரண்டு ஏ, சி ஆனாலே ஹிட் ஃபேக்டர் 5 ஸ்டேஜில் 0.8 நொடி போய்விடும்.

நேரம் கரைவது சுடாத வேளையில். ஒவ்வொரு சூட்டின் நேரத்தையும் பதியும் டைமரில் நான்காவது சூடு 2.54, ஐந்தாவது 5.31 என்றிருந்தால், நடுவே 2.77 நொடி. இந்த இடைவெளியை வீடியோவில் மூன்றாக வெட்டுங்கள்: கடைசிச் சூட்டிலிருந்து முதல் அடி எடுக்கும் வரை, ஓட்டம், கால் ஊன்றியதிலிருந்து முதல் சூடு வரை. நொடிக்கு 60 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 0.017 நொடி, எண்ணிவிடலாம். கால் ஊன்றியபின் 0.6 நொடி சும்மா போயிருந்தால், பெரும்பாலும் துப்பாக்கி அப்போதும் நெஞ்சுயரத்தில் இருந்திருக்கும். போய்ச்சேர இரண்டடி இருக்கும்போதே அதைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்து, முழங்காலை மடக்கியபடி நுழைந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகும். ஓடும்போது விரல் டிரிகர் கார்டுக்கு வெளியேதான். இப்படி நான்கு இடமாற்றம் இருந்தால் 2.4 நொடி. மேலே சொன்ன ஸ்பிளிட் லாபம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

பின்னாலிருந்து மட்டும் எடுத்த வீடியோவில் இந்த நுழைவு சரியாகத் தெரியாது. அனுமதித்த இடத்தில் பக்கவாட்டிலிருந்தும் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

திட்டத்தின் தவறைக் கையின் தவறாக நினைப்பது

ஒரு டார்கெட்டைச் சுட மறந்தால் என்ன ஆகும்? கிடைத்திருக்க வேண்டிய 10 புள்ளி இல்லை, இரண்டு மிஸ்ஸுக்கு 20 கழியும், சுடாமல் விட்டதற்கு இன்னொரு 10. மொத்தம் 40 புள்ளி. ஹிட் ஃபேக்டர் 5 என்றால் 8 நொடி. இதற்காக வாரம் முழுக்க டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது) செய்து பயனில்லை. ஸ்டேஜை நடந்து பார்க்கும் நேரத்தில் டார்கெட்டை எண்ணியது போதவில்லை, கண்ணை மூடி முழு ஸ்டேஜையும் ஓட்டிப் பார்த்ததும் போதவில்லை. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் 'திட்டம்', 'செயல்', 'திறன்' என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். நல்ல திட்டத்தை நடுவில் மாற்றியது செயல். 25 மீட்டரில் ஏ விழவே மாட்டேன் என்கிறது என்றால் அதுதான் திறன், பயிற்சி மைதானத்துக்குப் போக வேண்டியது அது மட்டும்.

நன்றாகப் போன ஸ்டேஜுக்கும் இதே கேள்விகள். ஏன் நன்றாகப் போனது என்று தெரியாவிட்டால் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

தப்பித்ததை மறப்பது

குழல் 90 பாகைக் கோட்டை (நேர்முன் திசையிலிருந்து இரு பக்கமும் குழல் தாண்டக் கூடாத எல்லை) நெருங்கி, ரேஞ்ச் ஆபீசர் ஒன்றும் சொல்லாமல் போனால், பலர் அதை ஏட்டில் எழுதுவதில்லை. டிஸ்குவாலிபை ஆனவர் ஆபீசரைக் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். பாதுகாப்பு விஷயத்தில் இவ்வளவு மெத்தனம் கூடாது. வலக்கைக்காரர் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே ரீலோட் செய்யும் இடத்தை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உடல் இடப்பக்கம் திரும்பும்போது குழலும் கூடவே திரும்பப் பார்க்கும். நெருங்கியது தெரிந்தால் அடுத்த பயிற்சியில் முதல் வேலை அதுதான், வேகமெல்லாம் பிறகு.

உடனே துப்பாக்கியில் கை வைப்பது

ஒரு மோசமான போட்டிக்குப் பிறகு சைட்டைத் திருகுவதும், ஸ்பிரிங்கை மாற்றுவதும், தோட்டாவின் லோடை (மருந்தின் அளவு) மாற்றுவதும் ஒரே வாரத்தில் நடக்கும். பிறகு முன்னேற்றமோ சரிவோ, எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. திருகும் முன் மேசையில் தாங்கு வைத்து 25 மீட்டரில் ஐந்து தோட்டா நிதானமாகச் சுடுங்கள். வேறொரு நாள் இன்னொரு ஐந்து. இரண்டு கூட்டமும் நடுவில் விழுந்தால் திருகாணியை அப்படியே விட்டுவிடலாம். இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்கினால், நன்றாகச் சுடும் வேறொருவர் கையில் கொடுத்து இன்னொரு ஐந்து. அவருக்கும் அதே பக்கம் ஒதுங்கினால் மட்டும் சைட்டைத் திருகுங்கள், அதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.